அந்திகோஸ்தி மான்களும் அம்மாவின் கையெழுத்தும்

மானை எங்கள் வீட்டில் ஒருவரும் கிட்ட நின்று பார்த்ததில்லை. ஆனாலும் எனக்குப் பத்து வயதாக இருந்த அந்தக் கோடை முழுவதும் வீட்டில் மான் பேச்சுத்தான். மான் எந்த நேரம் தண்ணீர் குடிக்க வரும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் அதற்கு மனித வாடை தெரியும், இறைச்சியை எத்தனை நாள் தொங்கவிட வேண்டும் என்பதெல்லாம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து ஆராயப்பட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு காலத்தில் வன்னியில் மான்வத்தல் தின்றவர். அந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே கியூபெக் மாகாணத்தில் பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுப் படியேறி வந்து வேட்டை நிபுணராக உட்கார்ந்துவிடுவார். கறிக்கென்று மிளகாயைத் தனியாக வறுத்து இடித்து, போத்தலில் 'மான்' என்று எழுதியும் ஒட்டிவிட்டார்.

இந்த ஆரவாரத்தில் அப்பாவின் பங்கு குறைவு. போகப்போகிறவர் அவர்தான், ஆனால் பேசுகிறவர்கள் நாங்கள்.

அந்த ஆண்டு பங்குனியில் ஊரிலிருந்து ரெலிபோன் வந்தது. அப்பாவின் ஒரே தம்பி, என் சித்தப்பா, மன்னாரில் கடலுக்குப் போனவர் உயிரோடு கரைக்கு வரவில்லை. அப்பாவிடம் ஊருக்குப் போகக்கூடிய பத்திரம் ஒன்றும் இல்லை. பங்குக் கோவிலில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தோம், அவ்வளவுதான். அப்பா அழவில்லை. அது எல்லோருக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது, அம்மாவைத் தவிர. அடுத்த நாளே வேலைக்குப் போனார். வந்தார், வைத்ததைச் சாப்பிட்டார், பின்பக்கப் படியில் போய் இருந்தார். கூப்பிட்டால் "ஓம்" என்பார், ஆனால் எழும்பி வரமாட்டார்.

அவர் வேலை செய்தது கதவு யன்னல் செய்யும் ஒரு தொழிற்சாலையில். அங்கே அவருடைய பொஸ், அதாவது முதலாளி, பெரிய மீசை வைத்த ஒரு கியூபெக் மனிதர், நல்லவர். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இலையுதிர் காலத்தில் எங்களோடு அந்திகோஸ்திக்கு வா" என்று கூப்பிட்டிருக்கிறார். ஆறு கடலோடு சேருகிற இடத்தில் கிடக்கும் ஒரு தீவு அது. மனிதரைவிட மான் கூட. வாகனத்தில் ஒரு நாளுக்கு மேல் ஓடி, பிறகு சின்ன விமானம் ஏற வேண்டும். போனால் ஒரு கிழமைக்கு ரெலிபோனும் கிடையாது.

அப்பா சாப்பாட்டு மேசையில், "மான் சுடப் போறன்" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அவராகச் சொன்ன முதல் வசனம் அது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, அத்தான் பழையபடி வந்திட்டார்! இனி ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்று அம்மாவின் தோளில் தட்டினார்.

"போறது நல்லதுதான். துவக்கு என்னத்துக்கு?" என்றார் அம்மா.

"பின்னை மானைக் கூப்பிட்டுப் பிடிக்கிறதோ?" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. பொஸ் துவக்கு வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாராம். நீ சும்மா வா, காற்றுப்படு, சுட்ட மானைத் தூக்க ஒரு கை கொடு, போதும் என்றிருக்கிறார். அப்பாதான் தனக்கென்று அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அன்றைக்கே அம்மா முடிவெடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். இந்த மனிதர் துவக்கோடு அந்தத் தீவுக்குப் போகக்கூடாது. கோடை முழுவதும் அம்மாவின் மன்றாட்டு இது ஒன்றுதான்.

வீட்டில் பிரெஞ்சு எனக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே வாடகைக் கடிதத்திலிருந்து பள்ளிக்கூட அறிவித்தல்வரை எல்லாம் என் திணைக்களம். பத்து வயதில் அது கொடுக்கிற தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. தெரியாத சொல் வந்தாலும் நான் திகைத்ததில்லை, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவேன். அனுமதிப்பத்திரத்துக்கு முதலில் ஒரு துவக்கு வகுப்பு எடுத்துப் பாஸ் பண்ண வேண்டும். அதற்குக் கொடுத்த வேட்டைப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் 'ஷெவ்ரய்' என்று இருந்தது. 'ஷேவ்ர்' என்றால் ஆடு என்று வகுப்பில் படித்திருந்தேன். "இது ஆட்டிலை ஒரு சாதி" என்று அடித்துச் சொன்னேன்.

"ஆடு சுடவோ அத்தான் அவ்வளவு தூரம் போறார்?" என்று மாமா குழம்பிப்போனார். "ஜோன் டலோன் சந்தையில வெட்டி வச்சிருக்கிறாங்களே, கோதாரி!" பிறகு படத்தைப் பார்த்துத்தான் மான் என்று தெளிந்தது. அன்றிலிருந்து மாமாவுக்கு நான் 'ஆட்டுக்குட்டி'.

கோவிலிலும் கதை பரவிவிட்டது. அப்பா துவக்கெடுத்துக்கொண்டு தீவுக்குப் போகிறார் என்று நான் பெருமையாகச் சொல்ல, பக்கத்து வாங்கில் இருந்த அன்ரி ஒருவர் நெஞ்சில் கைவைத்தார். "ஐயோ, இந்த நேரத்திலை நெடுந்தீவுக்கோ? ஆர் பிள்ளை அவரை விட்டது?" எங்கள் ஆட்களுக்குத் தீவு என்றால் ஊரில் உள்ள அந்தத் தீவுதான். துவக்கு என்றாலும் போர்தான் ஞாபகத்துக்கு வரும். அவருக்கு விளங்கப்படுத்தி முடிக்கப் பூசையும் முடிந்துவிட்டது.

வெளியே பெருமையடித்தேனே தவிர, உள்ளே எனக்கும் உதறல்தான். துவக்கு வகுப்பு நடந்த கிழமைகளில் பின்னேரங்களில் அப்பாவுக்குப் புத்தகம் வாசித்துச் சொல்வது என் வேலை. அதில் ஒரு பாடம், மான் என்று நினைத்து மனிதரைச் சுட்டுவிடும் விபத்துகளைப் பற்றியது. பக்கத்தில் மானின் படம். மானின் நிறத்தையும் அப்பாவின் கையையும் மாறிமாறிப் பார்த்தேன். என் பென்சில் பெட்டியில் இரண்டுக்கும் ஒரே மண்ணிறப் பென்சில்தான் எடுக்க வேண்டும். பொஸ் சிவத்த மனிதர், அவரை ஒருவரும் மான் என்று நினைக்கப்போவதில்லை. எங்கள் அப்பாவின் கதி? காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோனியாரிடம், அனுமதிப்பத்திரத்துக்கான படிவத்தைக் காணாமற்போகச் செய்யும்படி தினமும் மன்றாடினேன். அப்படி ஒரு வேண்டுதல் அவருக்கு அதற்கு முதல் வந்திருக்காது.

அப்பா நல்ல மாணவன். மானைப் பற்றிய பக்கங்களைத் தட்டிக்கொண்டு போகச் சொல்வார். துவக்கைப் பற்றிய பக்கங்களை இரண்டு தரம் வாசிக்கச் சொல்வார். மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு சோதனைக்குப் போய், முதல் தரத்திலேயே பாஸ் பண்ணினார். மாமா கேக் வாங்கிவந்தார்.

ஆவணியில் படிவம் வந்தது. அந்தோனியார் கைவிட்டுவிட்டார். மேசையில் அப்பாவும் நானும் இருந்து நிரப்பினோம், குசினியில் அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பெயர், முகவரி, வேலை எல்லாம் ஓடியது. பிறகு உடல்நலம், மனநலம் பற்றிச் சில கேள்விகள்.

"அப்பா, இதிலை ஒரு சொல் இருக்கு. தமிழிலை என்னெண்டு தெரியேல்லை. கனநாளாக் கவலையா இருக்கிறது மாதிரி ஒரு வருத்தம். உங்களுக்கு இருந்ததோ எண்டு கேக்கினம்."

"கவலை இல்லாத மனுசன் ஆர்? இல்லையெண்டு போடு."

வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றது. அம்மா வாசலில் வந்து நின்று அப்பாவைப் பார்த்தார். நான் 'இல்லை' என்ற கட்டத்தில் அழகாக ஒரு புள்ளடி போட்டேன்.

கடைசிப் பக்கத்தில் மனைவி கையெழுத்திட ஒரு கட்டம் இருந்தது. மனைவிக்குத் தெரியாமல் ஒருவர் துவக்கு வாங்கக்கூடாதாம். அப்பா பேனையை நீட்டினார். அம்மா ஈரக்கையைக் காட்டி, "பேந்து போடுறன், வையுங்கோ" என்றார். பிறகு படிவத்தை எடுத்து மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்துவிட்டார்.

அந்தப் 'பேந்து' மூன்று கிழமை நீண்டது. அப்பா முதலில் ஞாபகப்படுத்தினார். அம்மாவுக்குத் தலையிடி, அம்மாவுக்கு விருந்தாளி, அம்மாவின் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. பிறகு அப்பா கேட்பதையும் விட்டுவிட்டு, போகும்போதும் வரும்போதும் மாதாவையே பார்த்தார். மாதாவுக்கு என்ன செய்ய முடியும், அவரும் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டுதான் நின்றார். வீட்டில் எல்லோரும் கால் பாவாமல் நடந்தோம்.

ஒரு திங்கட்கிழமை அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ளை ஆக்களின்ரை பேர் குடுக்கவேணுமாம். இப்ப என்ன செய்யப்போறீர்?"

"துவக்கில்லாமல் போங்கோவன். நான் வேண்டாமெண்டு சொன்னனானோ?"

"உமக்கு என்னிலை நம்பிக்கை இல்லை."

"உங்களிலை இருக்கு," என்றார் அம்மா.

அப்பா அந்த வீட்டில் சத்தம் போட்டு நான் கேட்டது அன்று ஒருநாள்தான். "ஊருக்கும் போக ஏலாது, காட்டுக்கும் போக ஏலாது! நான் எங்கைதான் போறது?" சொல்லிவிட்டுப் பின்படிக்குப் போய்விட்டார். நான் என் அறையில் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மானே வேண்டாம் ஆண்டவரே என்று அழுதேன்.

புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா படிவத்தை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு இருந்தார். அப்பா வேலையில். "கடைசிப் பக்கத்தை வாசி. சின்ன எழுத்தையும் விடாதை" என்றார்.

சின்ன எழுத்தில் இப்படி இருந்தது: விண்ணப்பிப்பவர் துவக்கு வைத்திருப்பதால் உங்கள் பாதுகாப்புக்கோ மற்றவர்களின் பாதுகாப்புக்கோ பயம் இருந்தால், இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்.

"மற்ற ஆக்கள் எண்டா? வீட்டு ஆக்களும் அடக்கமோ?"

"ஓமம்மா, எல்லாரும்தானே."

அம்மா சேலைத் தலைப்பை முறுக்கினார். "ரெலிபோன் அடி" என்றார்.

மறுமுனையில் ஒரு பெண் வந்தார். என் அம்மாவுக்குப் பயமாக இருக்கிறது, அவருக்குப் பிரெஞ்சு வராது என்றேன். என்ன பயம் என்று கேட்டார். நான் அம்மாவிடம் கேட்டேன்.

"அவரிட்டைத் துவக்கைக் குடுக்கப் பயமாயிருக்கு எண்டு சொல்லு."

சொன்னேன். அப்பாவின் கையில் துவக்கு இருந்தால் அம்மாவுக்குப் பயம். அந்தப் பெண்ணின் குரல் உடனே மெதுவாகிவிட்டது. அப்பா இப்போது வீட்டில் இருக்கிறாரா, நீங்கள் இருவரும் பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று கேட்டார். வேலைக்குப் போய்விட்டார், நாங்கள் தனியாகத்தான் இருக்கிறோம் என்றேன். அப்பாவுக்குக் கோபம் வருமா என்றும் கேட்டார். இதற்கெல்லாம் அம்மாவைக் கரைச்சல்படுத்துவானேன் என்று நானே பதில் சொன்னேன்: வரும், திங்கட்கிழமை நல்லாகச் சத்தம் போட்டார். கேட்டதற்கு உண்மையைச் சொல்லும் பிள்ளை நான்.

அம்மா என் தோளைப் பிடித்தார். "அவர் கூடாத மனுசன் இல்லையெண்டு சொல்லு. நல்லவர் எண்டு வடிவாச் சொல்லு."

அதையும் சொன்னேன். "எனக்கு விளங்குகிறது, செல்லம்" என்றார் அந்தப் பெண், நம்பாத ஒருவரின் குரலில்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் துவக்கு அனுமதி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், ஒரு ஆணும் ஒரு பெண்ணும். வெளிப்படியில் அவர்கள் ஏறிவருவதைத் தெருவே பார்த்தது. அப்பா சோற்றுக் கையோடு கதவைத் திறந்தார். ஆண் அதிகாரி அப்பாவோடு முன்னறையில் இருந்தார். பெண் அதிகாரி அம்மாவை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். மொழிபெயர்க்க நான் எழும்பினேன். வேண்டாம் என்றுவிட்டார்கள், ரெலிபோனில் அவர்களுடைய ஆள் ஒருவர் இருந்தார். கதவுக்கு வெளியே, "சரிங்கம்மா, சொல்லுங்கம்மா" என்ற சென்னைத் தமிழ் மட்டும் கேட்டது. அம்மாவின் குரல் இறங்கியிருந்தது. பிறகு அழுகைச் சத்தம். என்னால்தான், என்னால்தான் என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

அப்பா இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, வகுப்பில் பிழை விட்ட பிள்ளை போல இருந்தார். என்னைப் பார்த்து ஒரே ஒரு தரம் கேட்டார்: "என்ன பிள்ளை சொன்னனி?"

"அம்மா சொன்னதைத்தான், அப்பா."

நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. இப்போது அப்பாவைத் திட்டப்போகிறார்கள், கொண்டுபோகப் போகிறார்கள் என்று நான் மாதாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்தப் பெண் அதிகாரி அப்பாவுக்கு எதிரே இருந்த கதிரையை விட்டுவிட்டு, அவர் அருகில் சோபாவில் வந்து இருந்தார். ரெலிபோனை இருவருக்கும் நடுவில் வைத்தார். என்னை உள்ளே போகச் சொன்னார். அவர்கள் திரும்பிப் போகும்போது அந்தப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கியதை யன்னலால் பார்த்தேன். குற்றவாளிக்கு ஏன் கை கொடுக்கிறார் என்று யோசித்தேன். அனுமதிப்பத்திரம் இப்போதைக்கு இல்லை என்று ஆகிவிட்டது. அந்திகோஸ்திக்குப் பொஸும் அவருடைய ஆட்களும் மட்டும் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து விசாரணை வைத்தார். அம்மா தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே, "வேட்டைக்குப் பயம் எண்டு சொல்லச் சொன்னன். பிள்ளை அவருக்குப் பயம் எண்டு மாறிச் சொல்லிப்போட்டுது" என்றார்.

மாமாவுக்கு அதுபோதும். "மானை ஆடாக்கினவள், இப்ப அத்தானைப் பேயாக்கிப்போட்டாள்!" என்று வீடு அதிரச் சிரித்தார். கோவிலிலும் சொன்னார். அந்த அன்ரி என் கன்னத்தைக் கிள்ளி, "வாயைக் கொஞ்சம் பார்த்துத் திற பிள்ளை" என்றார். அப்பா மட்டும் என் தலையைத் தடவி, "சின்னப்பிள்ளை தானே" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று பின்னேரம் குசினியில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "நான் சரியாத்தான் சொன்னனான்! நீங்கள் சொன்னதை அப்பிடியே சொன்னனான்! ஏன் பொய் சொன்னனீங்கள்?" மூக்கால் வடிய வடியக் கத்தினேன்.

அம்மா குசினிக் கதவைச் சாத்தினார். குனிந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "ஓம் பிள்ளை. நீ சரியாத்தான் சொன்னனி. ஒரு சொல்லும் மாறேல்லை. ஆனா அப்பா கேட்டா, மாறிச் சொன்னனெண்டே இரு."

தன் பிழையை மறைக்கப் பெற்ற பிள்ளையையே மாட்டிவிடுகிறாரே என்றுதான் நான் நினைத்தேன். பல வருடம் அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை. வளர்ந்த பிறகுதான் விளங்கியது, அம்மா பயந்தது அப்பாவுக்கு அல்ல, அப்பாவை நினைத்து. எல்லோரும் மானோடு திரும்பி வரும்போது அவர் மட்டும் வரமாட்டார், அவர் கேட்கிற துவக்கு மானுக்கு அல்ல என்பதே அம்மாவின் பயம். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல அம்மாவால் முடியவில்லை. மாட்டேன் என்றிருந்தால் அப்பா ஏன் என்று கேட்டிருப்பார். ஆகவே ஒரு பத்து வயதுப் பிள்ளையின் பிரெஞ்சு பிழை என்று ஆக்கிவிட்டார். எங்கள் வீட்டில் அதை ஒருவரும் இன்றுவரை வாய்விட்டுப் பேசியதில்லை.

அந்த இலையுதிர் காலத்திலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் அம்மாவும் அப்பாவும் வெளிக்கிட்டு மெட்ரோவில் எங்கேயோ போய்வந்தார்கள். எங்கே என்று கேட்டேன். அப்பாவுக்குப் பிரெஞ்சு வகுப்பு என்றார் அம்மா. என்னை நம்பி இனிப் பயனில்லை என்றுதான் படிக்கப்போகிறார்கள் என்று எனக்கு ரோசம் வந்தது. வீட்டுப்பாடம் தாருங்கோ பார்ப்பம் என்றால், அந்த வாத்தியார் எழுதத் தருவதில்லை, கதைக்க மட்டும்தான் சொல்லுவார் என்றார் அப்பா. பனி விழுந்து, கரைந்து, திரும்பக் கோடையும் வந்துவிட்டது. அப்பாவின் பிரெஞ்சு இருந்த இடத்திலேயே இருந்தது.

"இவ்வளவு நாள் போயும் அப்பாவுக்கு ஒண்டும் ஏறேல்லை அம்மா," என்று முறைப்பட்டேன். "அந்த வாத்தியார் சரியில்லை."

அம்மா பின்படியைப் பார்த்தார். அங்கே அப்பாவும் மாமாவும் எதற்கோ வாய்த்தர்க்கம் பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏறுது பிள்ளை," என்றார். "மெல்ல மெல்ல ஏறுது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று காலையிலும் தெப்பனர் என்ற மூலைக்கடையில் பாலுக்கு நின்ற அப்பா, 'பொன்ஜூர்' என்று வணக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் 'மெர்சி' என்று நன்றிதான் சொல்லியிருந்தார்.